உரக்கொட்டகை எரிந்த ஊர்

இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது ஒரு குப்பை டப்பாவைப் பார்த்துத்தான். ஒரு சனிக்கிழமை காலை, கவுன்சிலிலிருந்து வருகிறேன் என்று ஓர் இளம்பெண் கதவைத் தட்டினாள். கவுன்சில் என்பது நம் நகராட்சி மாதிரி. ஒரு கையில் மூடி போட்ட சின்ன டப்பா, இன்னொரு கையில் வாழைப்பழத் தோல். வீட்டில் ஸ்க்ராப்ஸ் சேருமே, அதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஆரணியில் ஸ்கிராப் என்றால் பழைய இரும்பு. என் கணவர் ஏழுமலை இங்கே சாலை வேலையில் பொக்லைன் ஓட்டுகிறார். அவர் கம்பெனியிலிருந்து எதையோ எடுத்து வந்துவிட்டார் என்று சந்தேகப்படுகிறார்களோ என்று பயந்து, எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூடக் கிடையாது என்று சொன்னேன். அவள் வாழைத்தோலை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஸ்க்ராப்ஸ் என்று இன்னும் மெதுவாகச் சொன்னாள். டப்பாவை என் கையில் கொடுத்து, இதுதான் உங்கள் கேடி, சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சிரித்துவிட்டேன். இங்கே சமையல் கழிவுக்கு ஸ்க்ராப்ஸ் என்றும், சின்ன டப்பாவுக்குக் கேடி என்றும் பெயராம். அவளும் கூடச் சிரித்தாள், எனக்கு டப்பா பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். எங்கள் ஊரில் கேடி என்றால் யார் என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லை நான் கடைசியாகக் கேட்டது ஒரு காவல் நிலையத்தில். என் கூடப்பிறந்த தம்பியைப் பற்றி ஓர் அதிகாரி சொன்ன சொல் அது. அவள் போகும்வரை சிரித்த முகமாகவே நின்றேன். முட்டை ஓடு போடலாம், எலும்பு போடலாம், பிளாஸ்டிக் மட்டும் கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் அவள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் தலையாட்டிக் கேட்டேன். ஆரணியில் வீடு வீடாகப் போய் இதே பாடத்தை நடத்திய ஆள் நான் என்று சொல்லவில்லை. சொன்னால் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், காற்று ஓயாத ஒரு கடலோர நகரம். எல்லாவற்றையும் பசுமையாக்குகிறோம் என்று கவுன்சில் தெருத்தெருவாக வேலை செய்கிறது. குப்பை வண்டி மின்சாரத்தில் ஓடுகிறது, வந்து நிற்பதே தெரியாது. சாலையோரம் பள்ளம் வெட்டி, மழைத்தண்ணீர் இறங்குவதற்குச் செடி வைத்த பாத்திகள் அமைக்கிறார்கள். ஏழுமலை வெட்டுவது அந்தப் பள்ளங்களைத்தான். எங்கள் தெருவிலும் வெட்டினார். அதனால் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த கிரேக் என்பவருக்குக் கார் நிறுத்தும் இடம் போயிற்று. கட்டட வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், எங்களுக்குத் தோட்டத்து எலுமிச்சை கொண்டுவந்து தருவார். பள்ளம் வெட்டிய அன்று ஏழுமலையிடம் வந்து, உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, உன் முதலாளிகள்மேல்தான் கோபம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வீட்டு வரி ஏறியது. வாசலில் பச்சைக் குப்பைத்தொட்டி வந்தது. எலி வரும், நாறும், யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்று அவர் தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார்.

தொட்டிகளை எடுக்கிற ஒரு நாள் காலையில், கிரேக் தெருவின் கோடியிலிருந்து ஒவ்வொரு தொட்டியாக எட்டி உதைத்துக்கொண்டு வந்தார். மூடி தெறித்துச் சோறும் தோலும் எலும்பும் தார்ச்சாலையில் இறைந்தன. அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டி வந்தது. ஓட்டுநர் சமோவா தீவுக்காரர், மலைபோல் உடம்பு, சாதுவான ஆள். இறங்கி, கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தினார். கிரேக் பாத்தியில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் தோளில் அடித்தார். திரும்பியவரின் காதோடு சேர்த்து இரண்டாவது அடி. காது கிழிந்து தொங்கியது. ஓட்டுநர் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். கிரேக் மறுபடி ஓங்கினார். நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தவள், எப்போது கதவைத் திறந்தேன், எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. போய் அந்தப் பெரிய உடம்பின்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன். கிரேக் அப்படியே நின்றுவிட்டார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். எனக்குப் போர்வை போர்த்திவிட்டு, அடித்தது யார் என்று பார்த்தீர்களா, சொல்ல விருப்பமா என்று கேட்டாள். சொன்னேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று தோளைத் தட்டினாள். இன்றைக்கு ராத்திரி என் கதவை யாராவது உடைப்பார்களா என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. கதவு உடைந்திருக்கிறதா, எந்தக் கதவு என்று எழுந்து எங்கள் வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு, உங்கள் கதவு நன்றாகத்தானே இருக்கிறது என்று வந்து சொன்னாள்.

என் கதவு உடைந்தது ஆரணியில். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது ஒவ்வொரு கதை என்பதால், நான் பார்த்ததை நானே எழுதிவிடுகிறேன்.

ஆரணியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்று வந்தபோது, அதை வீடு வீடாகச் சொல்வதற்குப் பரப்புரையாளர் என்று சில பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். நான் பட்டப்படிப்பு முடித்து, ஏழுமலையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன், போய்ச் சேர்ந்தேன். பச்சைக் கோட்டு, கழுத்தில் விசில். என்னோடு குப்பை அள்ளும் பேட்டரி வண்டி ஓட்டியவர் பச்சையம்மா. எங்கள் தெருதான், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தறி வீடுகளில் அறுந்த பட்டு நூலைச் சோற்றோடு சேர்த்துப் போடுவார்கள். நூல் மக்காது, குப்பை அரைக்கும் எந்திரத்தின் பல்லில் சுற்றிக்கொள்ளும். ஆரணி பிரியாணிக் கடைகளின் எலும்பு மூட்டைகள் வேறு. அக்கா வாசலில் நின்று, எனக்குப் பிரிச்சி குடுக்கலன்னா நான் ஒங்க வீட்டு நடுக்கூடத்துல கொட்டிப் பிரிப்பேன் என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே பாதித் தெருக்களைப் பழக்கிவிட்டார். நான் பேசுவதைவிட அவர் மிரட்டுவது நன்றாக வேலை செய்தது.

பிரித்த குப்பையை எருவாக்க ஒரு கொட்டகை வேண்டும். அந்த எருவைப் போட்டு ஆற்றோரம் மரம் வைப்பது, பூங்கா அமைப்பது, சூரிய விளக்கு போடுவது என்று பெரிய திட்டம். கொட்டகைக்கு இடம் பார்த்தது எங்கள் தெருவின் கடைசியில், ஆற்றுப் புறம்போக்கில். எங்கள் தெருவை ஊரில் காலனி என்பார்கள். எங்கள் தாத்தா காலத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கள் அப்பா தலைமுறை கூலிக்குப் போனது. நாங்கள் படித்தோம். என் தம்பி சேகர் செய்யாறு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தான், கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். கால் ஊன்றி நிற்கத் தொடங்கிய நேரத்தில் ஊர்க் குப்பை வந்து வாசலில் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் எரியாது. சேகர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஏங்க்கா, ஊர்ல எத்தினி எடம் கீது. குப்பைன்னா மட்டும் எப்டி நம்ம தெருதான் கண்ணுக்குத் தெரியிது?"

அதே கேள்வியை நானும் மேலதிகாரிகளிடம் கேட்டிருந்தேன். வேறு புறம்போக்கு இல்லை என்றார்கள். நாறாது, ஈ வராது, சரியாகச் செய்தால் மண் வாசனைதான் வரும் என்று நான் எங்கள் தெருவுக்குச் சொன்னேன். அது பொய் இல்லை. சரியாகச் செய்தால் அப்படித்தான். தொட்டிகளைக் கட்டியதும் பச்சையம்மா அக்கா சாணித் தண்ணீர் தெளித்துக் கிளறிக் கிளறி முதல் தொட்டியை அப்படித்தான் ஆக்கிக் காட்டினார். கறுப்பாக, கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. ஆனால் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர் ஒருவர், வேறொரு இடத்தில் கொட்டிய பழைய குப்பையை, பிரிக்காமல் அப்படியே, லாரி லாரியாக எங்கள் கொட்டகை வாசலில் கொட்டிவிட்டுப் போனார். மழைக்காலம். எலும்பும் இலையும் பிளாஸ்டிக்கும் ஊறி, கறுப்புத் தண்ணீர் தெருவுக்குள் ஓடிவந்தது. கிணற்றடி வரை புழு. தெருவில் பிள்ளைகளுக்கு வாந்தியும் காய்ச்சலும் கண்டன. சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அள்ளிவிடுகிறோம் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். அள்ளுவதற்கு முன்னால் ஒரு குழந்தையை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

அந்தக் குழந்தை செத்துவிட்டது என்று மறுநாள் மதியம் தெருவில் பேச்சு வந்தது. சாகவில்லை, இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் அந்த மதியம் எல்லோருக்கும் அது செத்த குழந்தைதான்.

கடப்பாரையும் மண்ணெண்ணெய் கேனுமாக ஆட்கள் கிளம்பினார்கள். முன்னால் வந்தவன் சேகர். கையில் கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி. நான் கொட்டகை வாசலில் நின்றேன். அவன் என்னைத் தொடவில்லை, சுற்றிக்கொண்டு உள்ளே போனான். முதல் அடி அரவை எந்திரத்தில் விழுந்தது. தகரம் கிழிகிற சத்தம் கேட்டதும் மற்றவர்களும் பாய்ந்தார்கள். தொட்டிச் சுவர்களைப் பெயர்த்தார்கள். பேட்டரி வண்டியைக் கவிழ்த்து மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். பச்சையம்மா அக்கா உள்ளேதான் இருந்தார். வெளியே வந்துவிடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் வரவில்லை. வண்டியைக் கொளுத்தப் போன கையைப் பிடித்துக்கொண்டு, இது என் சோறுடா என்றார். பிடித்தது சேகரின் கையை. அவன் உதறினான். அவர் விடவில்லை. அவன் கம்பியை வீசினான்.

முதல் வீச்சில் தாடை உடைந்தது. அந்தச் சத்தம் விறகு முறிகிற மாதிரி இருந்தது. அவர் கை அப்போதும் அவன் சட்டையைப் பிடித்திருந்தது. இரண்டாவது வீச்சு கண்ணில் விழுந்தது. சேகரின் முகத்தை நான் பார்த்தேன். கோபம் இருந்த முகம் அல்ல அது. எதையோ உடைக்கத் தொடங்கிவிட்டு எங்கே நிறுத்துவது என்று தெரியாதவனின் முகம். அக்கா சாய்ந்ததும் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான். பின்னால் தீ பிடித்தது. பிளாஸ்டிக் மூட்டைகள் உருகிச் சொட்டுச் சொட்டாய் எரிந்து விழுந்தன. நான் அக்காவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் முகம் முழுக்க ரத்தம், வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. வெளியே எனக்காகக் காத்திருந்தவர்கள் பெண்கள். நான் அத்தை, சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். என் மயிரைச் சுற்றிப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள், பச்சைக் கோட்டைக் கிழித்தார்கள், மண் வாசனை வரும்னு சொன்னியே, மோந்து பாருடி என்று என் முகத்தைப் புழுவும் சகதியுமான தண்ணீரில் அழுத்தினார்கள். மூக்கிலும் வாயிலும் போனது. அந்தக் கைகளில் ஒன்று எனக்குத் தலைவாரிப் பூ வைத்த கை. போலீஸ் வந்து தடியை வீசியபோதுதான் விட்டார்கள். அந்தத் தடி என்மேலும் விழுந்தது.

அக்காவுக்கு வேலூரில் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். இடது கண் போய்விட்டது. பேச முடியாது. யார் அடித்தது என்று போலீஸ் தெரு முழுக்கக் கேட்டது. யாரும் பார்க்கவில்லையாம். அம்மா என்னிடம் வந்து, கூட்டத்துல எவனோ அடிச்சான்னு சொல்லிடும்மா, அவன் வாழ்க்க போயிடும் என்று என் காலைப் பிடித்தாள். பெற்றவள் காலைப் பிடிப்பது எப்படிப்பட்ட அடி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் அன்று சாயங்காலமே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். "எந் தம்பி சேகருங்க. நான் பாத்தேன்." அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். உன் தம்பி இனிமே கேடி, தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

சேகரை வேலூர் சிறையில் வைத்தார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டுக் கதவைக் கோடரியால் பிளந்தார்கள். டீக்கடையில் ஏழுமலையை அடித்து முன்பற்களை உடைத்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை, என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. எனக்குப் பொண்ணே பொறக்கல என்று அம்மா தெருவில் நின்று சொன்னாள். நாங்கள் செய்யாறுக்குப் போனோம். அங்கிருந்து ஏழுமலைக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். எல்லோரும் நல்ல வாழ்க்கை தேடி வெளிநாடு போவார்கள். எங்களை ஊர் அடித்து அனுப்பியது.

கிரேக் விவகாரம் இங்கே எப்படி முடிந்தது என்றால், அவர் தண்டனை பெற்றார். அதற்கு முன்பு, அடித்தவரும் அடிபட்டவரும் நேரில் பேசிக்கொள்வதற்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓட்டுநரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர், பிஸ்கட். ஓட்டுநர் தன் காதில் போட்ட தையலைக் காட்டி, என் மகள் என்னைப் பார்த்து அழுதாள் என்று மட்டும் சொன்னார். கிரேக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். எல்லோரும் என்னை மென்மையான மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறாமையில் வந்த அழுகை அது. இப்படி ஓர் அறையும் நாலு நாற்காலியும் எங்கள் ஊரில் இருந்திருந்தால் என்ற பொறாமை. ஆனால் சரியாக யோசித்தால், கிரேக்கிடமிருந்து பறிபோனது கார் நிறுத்தும் இடம். சேகரின் தெருவில் ஓடியது புழுத்த தண்ணீர். இரண்டையும் ஒரே மேஜையில் வைக்க முடியாது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அரசு வக்கீலின் குமாஸ்தா வாட்ஸப்பில் கூப்பிட்டார். வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது, நேரில் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான், வருவீர்களா என்றார். ஏழுமலை லீவு கிடைக்காமல் இருந்துவிட்டார், நான் மட்டும் போனேன். ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கியபோது ஆட்டோக்காரர் எங்கே போவணும் என்று கேட்டதும் நான் போனை எடுத்தேன். பச்சையம்மா அக்காதான் வந்து கூட்டிப்போனார். தாடை ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் மிரட்டல் அப்படியே இருந்தது. பிளேன்ல சோறு போட மாட்டானா, இன்னா இப்டி எளச்சிகினு வந்துகீற என்றார். அவர் வீட்டில் தங்கினேன். நான்கு வாசல் தள்ளி அம்மா வீடு. அம்மா வாசல் தெளிக்க வருவாள், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவாள்.

கோர்ட்டில் காலையில் அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். ஜாமீனில் வெளியே வந்திருந்த சேகர் எதிரே நின்றான். முன்மயிர் கொட்டியிருந்தது, சட்டை பெரிதாகத் தொங்கியது. உங்களை அடித்தது இவர்தானா என்று அரசு வக்கீல் கேட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருக்கிற ஒரு கண்ணால் அவனைப் பார்த்தார். "யாருன்னு தெரியாதுங்க. ஒரே பொகையா இருந்துச்சி" என்றார். அரசு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்ப அதே பதில். பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். என் முறை மதியம்.

கோர்ட் வளாகத்தில் புங்க மரத்தடியில் உட்கார்ந்து அக்கா கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். அவருக்கு மென்று சாப்பிட வராது, பிசைந்து விழுங்குவார். சாட்சியை ஏன் மாற்றினார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். தாடை கட்டியிருந்த மாதங்களில் அவருக்குக் குழல் வைத்துக் கஞ்சி ஊற்றியது என் அம்மாதான். தினமும் வந்து உடம்பு துடைத்துவிட்டு, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவாளாம். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாளாம்.

"எதுக்கு ஊத்துறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் குடிச்சேன்" என்றார். இன்னொரு கவளத்தை விழுங்கிவிட்டு, "ஒன்ன மாத்திச் சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன் தேவகி. நீ பாத்தத நீ சொல்லு. நீ பிளேன் ஏறிப் போயிடுவ. நான் இந்தத் தெருவுலதான் சாவணும். அதுக்கு இன்னா வேணுமோ, அத நான் சொல்லிக்கினேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே என் வீடு, என் அம்மா, எல்லாம் போயிற்று என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் கண் போனதைவிட என் வீடு போனது பெரிதா? மதியம் கூண்டில் ஏறினேன். சேகர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். எதிர்த்தரப்பு வக்கீல், சொந்தத் தம்பிமேல் என்ன பகை, சொத்துத் தகராறா, வெளிநாட்டில் குடியுரிமைக்காக ஊரைக் கேவலப்படுத்துகிறீர்களா என்று குடைந்தார். அடிபட்டவரே தெரியாது என்கிறார், உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றார். நான் பார்த்தேன் என்றேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை. அம்மா கோர்ட் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். நான் வெளியே வந்தபோது கையை ஓங்கினாள். நான் விலகவில்லை. கை கன்னம்வரை வந்து, அடிக்காமல் இறங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அடித்திருக்கலாம். அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அக்கா என்னைப் புதுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். எரிந்த பிறகு அதை எங்கள் தெருவை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்கள். அக்கா அங்கேதான் வேலை செய்கிறார். ஆற்றோரம் வைத்த மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வந்திருந்தன. எருவில் காலை வைத்தால் புதைந்தது, மண் வாசனைதான் வந்தது. வேலிக்கு அப்பால் செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பங்களின் குடிசைகள். தார்ப்பாய்க் கூரையில் ஈ மொய்த்தது. எடுத்துப்போகாத எலும்பு மூட்டைகள் அவர்கள் பக்கம் கிடந்தன. அவுங்க ஒண்ணும் சொல்லலியா என்று கேட்டேன். அவுங்க எத்தினி பேரு கீறாங்க சொல்றதுக்கு என்றார் அக்கா. நாளைக்கே அந்த மூட்டைகளை ஏற்றிவிடச் சொல்வதாகவும் சொன்னார். அவர் சொன்னால் செய்வார்.

நான் கிளம்பிய அன்று சேகர் பஸ் நிலையத்துக்கு வந்தான். தூரத்தில் பார்த்ததுமே என் உடம்பு பின்வாங்கியது. அவன் அதைக் கவனித்தான். நெருங்காமல், ஒரு பஸ் நுழைகிற இடைவெளி விட்டு நின்றான்.

"நீ சொன்னது நெசங்க்கா. கோர்ட்டுக்குள்ள சொல்ல முடில" என்றான். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "அந்தம்மா கண்ணு எனக்குத் தெனம் வருது. அது தப்பு. ஆனா கொளுத்துனது தப்புன்னு மட்டும் என் வாயால வராது. எரிச்சதாலதான அது நம்ம தெருவ வுட்டு நவுந்துச்சி. மனு குடுத்தப்போ நவுந்துச்சா?"

பதில் சொல்ல எனக்குப் பல வாக்கியங்கள் இருந்தன. பரப்புரையாளராக இருந்தபோது மனப்பாடம் செய்தவை, இந்த நாட்டில் கூட்டத்தில் கேட்டவை. ஒன்றுகூட அவன் கேள்விக்குப் பொருந்தவில்லை. குடிசைகளைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். பாத்தேன் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். சாப்டியா என்று கேட்க நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

தீர்ப்பு நான் திரும்பி வந்த பிறகுதான் வந்தது. அடிபட்டவரே அடையாளம் காட்டாததால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அக்கா போனில் சொன்னபோது எனக்கு நிம்மதியும் அவமானமும் சேர்ந்தே வந்தன. எது முதலில் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என் நினைவில் நிற்பது, அந்தப் பயணம் முடிந்து இந்த நாட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலைதான். இங்கே வெளிமண் உள்ளே வரக்கூடாது என்று கடுமையான சட்டம் உண்டு. சீருடை போட்ட அதிகாரி ஒருவர், விளைநிலம், எருக்குழி எங்காவது போனீர்களா என்று கேட்டார். போனேன் என்றேன். உண்மை சொல்லி எனக்குப் பழகிவிட்டது. செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். அடியில் பள்ளங்களில் கறுப்பாக மண் அப்பியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போனார். வெறுங்காலோடு பளிங்குத் தரையில் நின்றேன். தரை ஐஸ் மாதிரி குளிர்ந்தது. என்னைத் தாண்டி ஆட்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே பிரஷ் தேய்க்கிற சத்தமும் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் வெகுநேரம் கேட்டன. பிறகு அவர் புதுசு போலச் சுத்தமான செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, இப்போது எல்லாம் போய்விட்டது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சிரித்தார். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு நடந்தேன். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பளபளப்பான தரையில் என் ஈரக் காலடிகள் கொஞ்ச தூரத்துக்குத் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன.